13-க்கும் 14-க்கும் நடுவே ஒரு ஸ்பேனர்

கொஞ்சம் நீளமான பதிவு. பழைய புல்லட்டை வீட்டிலேயே வைத்துப் பராமரிப்பவர்கள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம். இதில் நம் ஊர் சரித்திரமும் கொஞ்சம் வருகிறது.

சிவகாசி என்றால் தீப்பெட்டி. அதுபோல இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊர் என்றால் ஊசி. துணி தைக்கிற சாதாரண ஊசிதான். 19-ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே ஊசி அனுப்பிய ஊர் அது. அதை ஒட்டிய ஹண்ட் எண்ட் என்ற இடத்தில் 1851-இல் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் ஊசித் தொழில் தொடங்கினார். ஊசியிலிருந்து அந்தக் கம்பெனி சைக்கிளுக்கு வந்தது. பிறகு கைமாறி, என்ஃபீல்ட் என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்தது. ராயல் என்ஃபீல்ட் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள்.

நம் பக்கம் 1922-இல் அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை உங்களுக்குத் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகம் வந்தது, மருந்து பழகிய கை பட்டாசுக்குப் போனது. ஒரு சின்னப் பொருளில் கை பழகினால் ஊர் அடுத்த பொருளுக்குப் போகும். ரெட்டிச்சும் சிவகாசியும் இந்த விஷயத்தில் பங்காளிகள் என்று எனக்குத் தோன்றும்.

புல்லட்டை இங்கிருந்து போய் வாங்கி விற்றவர்கள் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியார். சுந்தரம் ஐயரும் ஈஸ்வரனும் நடத்தியது. ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டது. எல்லையில் ஓட்டப் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-இல் ரெட்டிச்சோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம் என்று சொல்லாமல் விட விருதுநகர்க்காரனுக்கு மனம் வராது. முதலில் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளையும் கருவிகளையும் வாங்கி, 1960-களின் தொடக்கத்தில் முழு வண்டியையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

அச்சும் கருவியும் வந்தபோது கூடவே இன்னொன்றும் வந்துவிட்டது. அதுதான் இந்தப் பதிவின் விஷயம். இஞ்சு.

1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற இங்கிலாந்து பொறியாளர், போல்ட்டுக்கும் நட்டுக்கும் மரை எப்படி வெட்ட வேண்டும் என்று ஒரே ஒழுங்கை முன்வைத்தார். அதற்கு முன் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒருவர் செய்த போல்ட் அடுத்தவர் நட்டில் ஏறாது. விட்வொர்த் மரையின் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் மரைக்கு 60. பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த்தும் அவருடைய வழியில் வந்த நெருக்க மரைகளும்தான் இருந்தன. திருவொற்றியூர் புல்லட்டும் அப்படியே பிறந்தது.

வேடிக்கை என்னவென்றால், 1956-இன் கடைசியில்தான் மெட்ரிக் அளவுக்கான சட்டம் நம் நாட்டில் வந்தது. 1957 ஏப்ரலில் அணா போய்ப் புதிய காசு வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கடைகளில் சேர், வீசை போய்க் கிலோ நுழைந்தது. விருதுநகர் போன்ற வியாபார ஊரில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று நினைத்துப் பாருங்கள். மிளகாய், பருப்பு, எண்ணெய் எல்லாமே எடையில் ஓடும் ஊர். தராசு மாறிவிட்டது. புல்லட் மாறவில்லை. வகுப்பறையில் பத்து மில்லிமீட்டர் ஒரு சென்டிமீட்டர் என்று முப்பது வருடத்துக்கு மேல் கற்றுக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் திறந்தால் கையில் கால் இஞ்சு ஸ்பேனர்.

என் வண்டி 1970-களில் வந்த 350. 1986-இல் பழைய வண்டியாக வாங்கினேன். அப்போதே ஜப்பான் கூட்டுடன் வந்த 100 சிசி வண்டிகள் ஊரில் ஓட ஆரம்பித்துவிட்டன. பெட்ரோல் போடு, ஓட்டு, மறந்துவிடு என்பது போல விளம்பரம் வேறு. புல்லட்டை மறக்க முடியாது. பாயின்ட் இடைவெளி பார்க்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, சுமார் 0.38 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாத காலத்தில் நான்கு சவர பிளேடை ஒன்றாக வைத்து நுழைப்போம். ஒரு பிளேடு 0.1 மில்லிமீட்டர் கனம், கணக்கு ஏறக்குறையச் சரிதான். பாயின்ட்டைத் தீப்பெட்டியின் பக்கத்தில் தேய்த்துச் சுத்தம் செய்பவர்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், மெல்லிய உப்புத்தாள் போதும். டாப்பெட் பார்க்க என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். பிஸ்டன் அமுக்கத்தில் மேலே இருக்கும்போது, புஷ் ராட் விரலால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இவ்வளவையும் வீட்டு வாசலில் செய்யலாம். ஸ்பேனர் சரியாக இருந்தால்.

அந்த ஸ்பேனரில் 1/4 என்று போட்டிருக்கும். வாயை அளந்தால் கால் இஞ்சு இருக்காது, அரை இஞ்சுக்கும் மேல் இருக்கும். குழம்பிப் போவார்கள். அந்த எண் போல்ட்டின் தண்டுக்கு உரியது. 1/4 விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் உள்ளே போகாது. 14 போகும், ஆனால் ஆடும். இரண்டு தடவை அழுத்தினால் நட்டின் முனை மழுங்கிவிடும். 3/16 ஸ்பேனர் 11.3, அதே கதை. என் செட் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சியிடம் வாங்கியது. மில்லில் பழைய லங்காஷயர் இயந்திரங்கள் ஓடியதால் அவரிடம் இஞ்சு செட் இருந்தது. ஒரு சின்ன விசித்திரம்: இத்தனை இஞ்சுக்கு நடுவே ஸ்பார்க் பிளக்கின் மரை மட்டும் 14 மில்லிமீட்டர், மெட்ரிக்.

ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கிலாந்தில் புல்லட் குடும்பமே முடிந்துபோனது. திருவொற்றியூர் நிறுத்தவில்லை. 1977-இல் அங்கேயே ஏற்றுமதியும் செய்தார்கள். ஆனால் உள்ளே ஒவ்வொரு பாகமாக மெட்ரிக் ஏறிக்கொண்டே வந்தது. அதனால் நடுக்காலத்து வண்டிகளில் இரண்டும் கலந்து இருக்கும். எது எது என்று புத்தகம் சொல்லாது, கை சொல்ல வேண்டும்.

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் தன் தாத்தா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். "வாத்தியார் தாத்தா, எவ்வளவு முறுக்கினாலும் ஆயில் நிற்கல" என்றான். பார்த்தால், யாரோ கால் இஞ்சு நெருக்க மரை ஓட்டையில் 6 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். கால் இஞ்சு என்பது 6.35. மரையின் இடைவெளி இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே, அதனால் சுகமாக உள்ளே போகும், சரியாக இருப்பது போலவே தோன்றும். இறுக்கும்போது அலுமினிய மரையை வழித்துக்கொண்டு வரும். நல்லவேளை, பாதி மரை மிச்சமிருந்தது. லேத்துப் பட்டறையில் கால் இஞ்சு மரையுடன் புது போல்ட் கடையச் சொன்னோம். தலையை மட்டும் 13 மில்லிமீட்டர் வைக்கச் சொன்னேன். பையனிடம் 13 ஸ்பேனர்தான் இருக்கிறது, நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் அவன் கழற்ற வேண்டுமே. சுத்தக்காரர்கள் என்னைத் திட்டலாம்.

லேத்துக்காரரிடம் அந்த மரை வெட்டும் டாப் இருந்தது தற்செயல். "இதையெல்லாம் போன தீபாவளிக்கே பழைய இரும்புக்குப் போட இருந்தேன் சார்" என்றார். கிலோ கணக்கில் போகிறது. மில்கள் இயந்திரம் மாற்றின, ஃபிட்டர்கள் காலமானார்கள், பேரன்கள் பெட்டியோடு காயலாங்கடையில் போடுகிறார்கள்.

அதனால் ஒரு கோரிக்கை. விருதுநகர், சிவகாசி, ராஜபாளையம் பக்கம் யார் வீட்டிலாவது தாத்தாவின் கருவிப் பெட்டி கிடந்தால் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஸ்பேனரில் W என்றோ BS என்றோ எழுத்து இருந்தால் போடாதீர்கள். 3/16 வளைய ஸ்பேனர் ஒன்று எனக்கு வேண்டும். கால் இஞ்சு நெருக்க மரை டாப் செட் கிடைத்தால் அந்தப் பையனுக்கு. இரும்புக் கடை விலையைவிடக் கூடுதலாகவே தருகிறேன்.