லெக்ஸிங்டன் பண்ணை

அமெரிக்காவின் கெண்டக்கி மாகாணத்தில், பந்தயக் குதிரைகளுக்குப் பேர்போன லெக்ஸிங்டன் நகரை ஒட்டி, ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் புல்வெளிக்கு நடுவே 1935-ஆம் ஆண்டில் ஒரு பிரம்மாண்டமான கட்டடம் திறக்கப்பட்டது. அதைச் சிறைச்சாலை என்பதா, ஆஸ்பத்திரி என்பதா, விவசாயப் பண்ணை என்பதா என்று சொல்வது கஷ்டம். மூன்றுமாகவே அது இருந்தது. மார்பீனுக்கோ ஹெராயினுக்கோ அடிமையாகித் தண்டனை பெற்றவர்களும், இந்தப் பீடையிலிருந்து எப்படியாவது மீள வேண்டுமென்று தாமாகவே வந்து கதவைத் தட்டியவர்களும் ஒரே கூரையின்கீழ்த் தங்கி, பசுக்களைப் பராமரித்தும், காய்கறி பயிரிட்டும், தையல் வேலை செய்தும் தேகத்தையும் மனத்தையும் தேற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல காற்றும், உழைப்பும், ஒழுங்கான சாப்பாடும் கிடைத்துவிட்டால் லாகிரி ஆசை தானே உதிர்ந்துபோகும் என்று 1929-இல் அதற்குச் சட்டம் இயற்றியவர்கள் நம்பினார்கள்.

வந்தவர்களில் எழுத்தாளர் வில்லியம் பரோஸ் உண்டு. ஜாஸ் சங்கீத வித்வான்கள் ஏராளம். சாக்ஸபோன் வாசித்த ஸன்னி ராலின்ஸ் 1955-இல் அங்கே வந்து, உண்மையாகவே மீண்டு போனார். ஆனால் அவர் விதிவிலக்கு. பண்ணையிலிருந்து நியூயார்க் நகரத்துக்குத் திரும்பிய ஆயிரத்து எண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 1962-இல் வெளியான கணக்கின்படி, பத்துப் பேரில் ஒன்பது பேர், பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள்ளாகவே, மறுபடியும் ஊசியைக் கையிலெடுத்திருந்தார்கள்.

சிகிச்சையில் தோற்ற அந்த ஸ்தாபனம் ஆராய்ச்சியில் தோற்கவில்லை. மார்பீன் நின்றதும் மனிதன் படும் அவஸ்தையை ஹிம்மல்ஸ்பாக் என்ற டாக்டர் மணிக்கு மணி அளந்து, கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், வாந்தி என்று அடையாளத்துக்கு இத்தனை மதிப்பெண் என வகுத்து வைத்தார். மயிர்க்கூச்செறிதலும் அந்தப் பட்டியலில் உண்டு. நம் பக்தி இலக்கியம் பரவசத்துக்கு அடையாளமாகக் கொண்ட அதே மயிர்க்கூச்சம்! அவருக்குப் பின் வந்த ஏப்ரகாம் விக்ளர் கண்டது இன்னும் விசித்திரமானது: மருந்தை விட்டுப் பல மாதங்களான நோயாளிகள், கூட்டமாக உட்கார்ந்து பழைய ஊசிக் கதைகளைப் பேச ஆரம்பித்ததுமே கொட்டாவி விட்டுக் கண்ணீர் வடித்தார்கள். பழைய தெருவும் பழைய சிநேகிதரும் போதும், சரீரம் தானாகவே அந்த வேதனையை நினைவுகூரும் என்று அவர் 1948-இலேயே எழுதினார். குணக்கேடு என்று உலகம் வைதுகொண்டிருந்த விஷயத்துக்கு நரம்புகளில் ஒரு முகவரி இருக்கிறது என்ற சந்தேகம் அங்கேதான் வலுப்பட்டது.

இந்த அறிவுக்குக் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடக் கூடாது. பரிசோதனைக்கு உடன்பட்ட கைதிகளுக்குக் கூலியாக, எதிலிருந்து மீள வேண்டுமோ அதே மார்பீனும் ஹெராயினும் கொடுக்கப்பட்டன. மத்திய உளவு ஸ்தாபனத்தின் பணத்தில் எல்.எஸ்.டி. பரிசோதனைகளும் நடந்தன. மூழ்குகிறவனிடம் சம்மதம் வாங்குவது எவ்வளவு சுலபம்! 1975-இல் செனட் சபையில் விசாரணை நடந்து, அடுத்த ஆண்டே கைதிகள்மீதான பரிசோதனை நின்றது.

விக்ளரின் சந்தேகத்துக்கு விடை வேறு ஊர்களிலிருந்து வந்தது. 1973-இல் பால்டிமோரில் கேண்டஸ் பெர்ட்டும் ஸாலமன் ஸ்னைடரும், நியூயார்க்கில் எரிக் ஸைமனும், ஸ்வீடனில் லார்ஸ் டெரனியஸும், ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு, மூளைச் செல்களில் மார்பீன் வந்து பொருந்துவதற்கென்றே ஏற்பிகள் இருப்பதை நிரூபித்தார்கள். மார்பீனைத் தரும் கசகசாச் செடியின் பாலுக்கு மனித மூளையில் பூட்டு எதற்கு? மூளைக்கே சொந்தமான ஒரு சாவி இருந்தாலொழிய இதற்கு அர்த்தமில்லை.

அந்தச் சாவியைத் தேடியவர், ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு 1934-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் அடைக்கலம் புகுந்த ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற எழுபதாவது வயதில் அவர் ஒரு புதிய ஆராய்ச்சிக்கூடத்தை ஆரம்பித்தார். அவருடைய சகா ஜான் ஹ்யூஸ் விடியற்காலையில் சைக்கிளில் கசாப்புக்கூடத்துக்குப் போய்ப் பன்றி மூளைகளை வாங்கி வருவார். அங்கிருந்த தொழிலாளிகளை விஸ்கி பாட்டில்களால் திருப்தி செய்து வைத்தாராம். மூளையை அரைத்து எடுத்த சாற்றை, மின்சாரத்தால் துடித்துக்கொண்டிருந்த சிறு தசைத் துண்டின்மேல் விட, மார்பீன் பட்டதுபோல் துடிப்பு அடங்கிற்று. மார்பீனை முறிக்கும் நலாக்ஸோனை விட, மீண்டும் துடித்தது. ஐந்தே அமினோ அமிலங்களாலான அந்த வஸ்துவின் அமைப்பு 1975 டிசம்பரில் வெளியாயிற்று. ‘தலைக்குள் இருப்பது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு என்கெஃபலின் என்று பெயரிட்டார்கள்.

லெக்ஸிங்டனின் புதிர்கள் அதன்பின் மெல்ல அவிழ்ந்தன. மூளை தானே சுரக்கும் அபின் துளித்துளியாய் வந்து, நிமிஷக் கணக்கில் அழிந்துபோகிறது. ஊசியில் ஏறியதோ ஏற்பி என்னும் அதே ஆசனத்தில் மணிக்கணக்கில் அமர்ந்து, இன்பத்தின் தூதுவனான டோபமைனைக் கட்டுப்படுத்தும் காவலர்களை உறங்க வைக்கிறது. இந்த ஓயாத அமுக்கத்துக்கு ஈடுகொடுக்க மற்றச் செல்கள் தம் வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன; மருந்து நின்றதும் அவை கட்டவிழ்ந்து ஓடுவதுதான் ஹிம்மல்ஸ்பாக் எண்ணிய கண்ணீரும் மயிர்க்கூச்சமும். ஏற்பிகள் ஒரே வகையல்ல என்று 1976-இல் நாய்களைக் கொண்டு காட்டி, ம்யூ, காப்பா முதலிய பெயர்களை வைத்த வில்லியம் மார்ட்டினும் லெக்ஸிங்டன்காரரே. இன்பம் ம்யூவின் வழி. டைனார்ஃபின் என்ற மற்றொரு உள்சரக்கு காப்பாவில் படிந்து, சுகத்துக்குப் பதில் மனவாட்டத்தைத் தருகிறது. 1996-இல் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் பிரிஜித் கீஃபரின் குழுவினர் ம்யூ ஏற்பி இல்லாத சுண்டெலிகளை உண்டாக்கினார்கள். அவற்றுக்கு மார்பீன் வலியையும் போக்கவில்லை, இன்பத்தையும் தரவில்லை, நின்றபோது துன்பத்தையும் தரவில்லை.

ஆராய்ச்சி நிலையம் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்தது. பண்ணைக் கட்டடம் நோயாளிக் கைதிகளுக்கான மத்தியச் சிறையாயிற்று. ஆனால் மார்ட்டினும் சகாக்களும் அங்கே சோதித்துப் பார்த்த நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரை, ஹெராயின் அடிமைகளுக்கென்று 1984-இல் அனுமதி பெற்ற பிறகு, 1994-இல் அபினைக் கண்ணாலும் கண்டிராத குடிகாரர்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. மது உள்ளே போனதும் மூளை தன் சொந்த அபினைச் சுரக்கிறது. குடிகாரனின் சந்தோஷத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. ஆசனத்தை முன்கூட்டியே அடைத்து வைத்துவிடுவதுதான் அந்த மாத்திரையின் வேலை.