பாழ், கரம்பு, புறம்போக்கு

எலியட்டின் 1922ஆம் வருஷத்துக் கவிதையைத் தமிழில் பெயர் சொல்ல நேரும்போது சிலர் 'பாழ்நிலம்' என்கிறார்கள், சிலர் 'தரிசு' என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. பாழ் முடிந்துபோனது. தரிசு உழாமல் கிடப்பது, அவ்வளவுதான். மழை பெய்து, ஏர் வந்தால் அது மறுபடி வயல். எலியட் எடுத்துக்கொண்ட பழங்கதையில் ராஜாவின் காயம் ஆறினால் நிலமும் விளையும். அந்தக் கணக்கில் தரிசு என்பதே சரி. ஆனால் கவிதையின் தொனி பாழின் பக்கம் சாய்கிறது. ஆங்கிலத்தின் 'வேஸ்ட்' இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. போதாததற்குக் குப்பையும் விரயமும்கூட அதற்குள்ளேயே இருக்கின்றன. கவிஞனுக்கு இது பெரிய சௌகரியம். ரெவின்யூ அதிகாரிக்கும் இதே சௌகரியம் வாய்த்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த சீமை பின்னால் செங்கல்பட்டு ஜில்லா ஆயிற்று. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினியர் அங்கே ஏறக்குறைய 2000 கிராமங்களைக் கணக்கெடுத்தார். கிராமத்தின் மொத்தப் பரப்பிலிருந்து ஏரி, வாய்க்கால், நத்தம், உவர், குன்று, காடு என்று கழித்துக்கொண்டே வந்து கடைசியில் பயிர்நிலத்தில் நிற்கும் கணக்கு அது. இப்படிக் கழித்ததற்கு ஊர்க் கணக்கன் வைத்திருந்த சொல் புறம்போக்கு. கணக்குக்குப் புறம்பாகப் போக்கியது. வரி இல்லை என்பதுதான் பொருள், உபயோகம் இல்லை என்பதல்ல. ஊரின் தண்ணீரும் மேய்ச்சலும் களமும் சுடுகாடும் அதில்தான் இருந்தன. ஏரியை வேஸ்ட் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

புறம்போக்குக்கு வெளியே கரம்பு. அதிலும் இரண்டு வகை. ஒரு காலத்தில் பயிர் செய்து, ஆளோ மாடோ தண்ணீரோ போதாமல் விட்டது செய்கால் கரம்பு. யார் நினைவிலும் ஏர் படாதது அநாதி கரம்பு. முதல் சொல்லில் 'செய்தவன்' ஒருவன் ஒளிந்திருக்கிறான். கரம்பாய்க் கிடந்தாலும் அவனுடைய உரிமை அதில் உறங்கிக்கொண்டிருக்கும். இரண்டாவதில் அப்படி ஒருவனும் இல்லை. ஆக மூன்று சொற்கள், மூன்று விதமான பாத்தியதை. ஆங்கில தஸ்தாவேஜில் மூன்றுக்கும் சேர்த்து 'வேஸ்ட்' என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து விழுகிறது.

இங்கிலாந்திலேயே அந்தச் சொல்லுக்கு வேறொரு சரித்திரம் உண்டு. அங்கே பிரபுவின் 'வேஸ்ட்' என்றால் பிரபுவுக்குச் சொந்தமான, ஆனால் குடியானவன் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் வழக்கப்படி உரிமை உள்ள வெளி. வேலியடைப்புச் சட்டங்கள் அந்த வெளிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் சொல் இங்கே கப்பலேறி வந்தது. கூட வந்திருக்க வேண்டிய மேய்ச்சல் உரிமை வரவில்லை.

சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் இந்த வித்தியாசங்களை அறிந்தவர். மிராசு உரிமை பற்றிய பதினேழு கேள்விகளுக்கு அவர் எழுதி 1818இல் அச்சான பதில்கள், அவருடைய சிரஸ்தார் சங்கரய்யாவின் உதவி இல்லாமல் சாத்தியமாகியிருக்காது. மிராசு அரபிலிருந்து வந்த சொல். வாரிசாக வருவது என்று பொருள். நம்முடைய சொல் காணியாட்சி. ஆங்கிலத்தின் 'பிராப்பர்ட்டி'யில் இது முழுதாக அடங்குவதில்லை. காணி என்பது நிலம், நில அளவு, எண்பதில் ஒரு பங்கு என்ற பின்னம். கல்வெட்டுகளில் தச்சனுக்கும் நட்டுவனுக்கும் அவரவர் தொழிலே காணி. தொண்டை மண்டலத்து மிராசுதாரர்கள் கிராமத்தைப் பங்குகளாக ஆண்டார்கள். பங்கு உழுத வயலோடு நிற்பதில்லை, கரம்பையும் சேர்த்து எல்லைக்கல் வரை போகும் என்பது அவர்கள் கட்சி. கரம்பு சர்க்காருடையது என்ற பக்கம் சாய்ந்தவர் மன்றோ. 1824 டிசம்பர் 31இல் எழுதிய குறிப்பில் எல்லிஸின் முடிவுகளை அவர் சந்தேகிக்கிறார். எல்லிஸ் அப்போது உயிரோடு இல்லை.

இதைப் படிக்கும்போது நமக்கு எல்லிஸ் மேல்தான் பிரியம் வருகிறது. தமிழ் படித்தவர், குறளை மொழிபெயர்த்தவர். வெள்ளைக்காரன் நம் சொற்களைக் கொச்சைப்படுத்திவிட்டான் என்று இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வதும் சுலபம். ஆனால் அந்த அழகான சொற்களுக்குள்ளே யார் இருந்தார்கள்? பங்கில் இடம் பெற்றவர்கள் பெரும்பாலும் வேளாளரும் பிராமணரும். அவர்கள் வயலில் உழைத்த பறையருக்குக் களத்தில் அளந்து போடும் மேரை உண்டு, காணி இல்லை. குடிசை போட்ட சேரிநத்தம்கூட எங்களுடையது என்று மிராசுதாரர் சொல்ல முடிந்தது. கரம்பு கேட்டு ஒரு பண்ணையாள் தர்காஸ்து கொடுத்தால், அந்த நிலத்தை எடுத்துக்கொள்ள முதல் உரிமை மிராசுதாரருக்கு. அவர் அதை உழவேண்டும் என்பதுகூட இல்லை. பண்ணையாள் உழக்கூடாது, அது போதும். கூலிக்கு ஆள் கிடைப்பதே அதனால்தானே!

1891இல் கலெக்டர் டிரெமன்ஹீர் செங்கல்பட்டுப் பறையர் பற்றி எழுதிய குறிப்பு இதைத்தான் போட்டு உடைத்தது. 1892இல் சர்க்கார் உத்தரவு வந்தது. ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று நிலம் ஒதுக்கலாயிற்று. பிறகு அதற்குப் பஞ்சமி நிலம் என்று பெயர். கொடுத்தது எந்த நிலத்திலிருந்து? 'வேஸ்ட்' என்று குறித்த நிலத்திலிருந்து. மூன்று பாத்தியதைகளை அழித்த அதே முரட்டுச் சொல், காணியாட்சியின் வேலியிலும் ஒரு சந்து திறந்தது. தமிழ்ச் சொல்லின் நுட்பம் ஒருவனை வெளியே நிறுத்தியது, ஆங்கிலச் சொல்லின் மொண்ணைத்தனம் அவனைக் கொஞ்சம் உள்ளே விட்டது. மொழிப்பற்று உள்ளவனுக்கு இது உவப்பான விஷயம் இல்லை. ஆனால் நடந்தது இதுதான்.

உள்ளே வந்தவனை அங்கே இருக்கவும் விடவில்லை. வேறு வகுப்பாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் ஏராளமான பஞ்சமி நிலம் கைமாறிப்போனது. அதை மீட்கக் கேட்டு 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள்.

புறம்போக்கு என்ற சொல் இதற்குள் வசையாகிவிட்டது. அதற்குப் பக்கத்திலேயே 'அவன் ஒரு வேஸ்ட்' என்பதும் தமிழாகிவிட்டது. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரம் போய்ப் பார்த்தால் மணல்மேடு, முகத்துவாரம், உப்பங்கழி. கட்டுமரம் ஏற்றவும் வலை உலர்த்தவும் கருவாடு காயவைக்கவும் குப்பத்துக்கு இந்த மணல் வேண்டும். வரிக்கணக்கில் அதற்கு ஒரு தம்பிடி பெறுமானம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கரை நெடுக மணலில் சவுக்கு வைத்தார்கள், விறகுக்காக. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது, விடுதிகள் வந்தன. சதுர அடிக் கணக்கில் விலை பேசத் தொடங்கியபின் அந்த மணலை யாரும் வேஸ்ட் என்று சொல்வதில்லை.

பழைய ஜில்லாவில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு. சுற்றியுள்ள ஏரிகளின் மிகுதி வெள்ளம் வந்து தங்கி, மெல்லக் கடலுக்குப் போகும் இடம். தாழைக்கோழியும் கூழைக்கடாவும் வருகிற நீர். ரெவின்யூ பார்வையில் அதுவும் ஒன்றுக்கும் உதவாத நிலம்தான். சென்னை தன் குப்பையைப் பல பத்தாண்டுகள் அங்கே, பெருங்குடிப் பக்கமாக, கொட்டியது. 2022இல் மிச்சமிருந்த சதுப்பு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.