இரும்புக்கை மாயாவியும் பொட்டிப்புரத்து மலையும்

ஒரு தலைமுறைத் தமிழ்ப் பையன்களுக்கு விஞ்ஞானி என்றால் யார் என்று சொல்லிக்கொடுத்ததில் பாடப்புத்தகத்தைவிட முத்து காமிக்ஸுக்குப் பங்கு அதிகம். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன சிவகாசியிலிருந்து 1972-இல் அதன் முதல் இதழ் வந்தது. தலைப்பு ‘இரும்புக்கை மாயாவி’. போடி, சின்னமனூர், கம்பம் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிற்றில் தொங்கிய அந்தப் புத்தகங்களை வாங்கியவர்களைவிட இரவல் வாங்கியவர்கள்தான் ஜாஸ்தி. அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போய், முடிவை அவரவரே சொல்லிக்கொண்ட கதைகள் அவை.

கதை இங்கிலாந்துச் சரக்கு. 1962 அக்டோபரில் தொடங்கிய ‘வேலியன்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் ‘ஸ்டீல் கிளா’ என்ற பெயரில் வந்த தொடர். அதே மாதம்தான் கியூபாவில் ஏவுகணைகளை வைத்துக்கொண்டு அமெரிக்காவும் ரஷ்யாவும் உலகத்தை இரண்டு வாரம் மூச்சடைக்க வைத்தன. நாயகன் லூயிஸ் கிராண்டேல் பெரிய விஞ்ஞானி ஒன்றும் இல்லை. பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வகத்தில் எடுபிடி. ஒரு விபத்தில் வலது கை போகிறது, இரும்புக்கை பொருத்துகிறார்கள். இன்னொரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய்கிறது, ஆள் மறைந்துபோய் இரும்புக்கை மட்டும் தெரிகிறது. அதன் பிறகு மறைய வேண்டுமென்றால் பிளக்கில் விரலை வைத்தால் போதும். (அந்தக் காலத்து மின்வெட்டுதான் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.)

இன்று திரும்பப் படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. முதல் கதையில் கிராண்டேல் கெட்டவன். ஊரை மிரட்டுகிற திருடன். போகப்போக ஒரு ரகசிய உளவுப்படை அவனை எடுத்துக்கொள்கிறது. இரும்பு விரல்களுக்குள் துப்பாக்கி வருகிறது, வாயுக்குழாய் வருகிறது, வானொலி வருகிறது. ஆய்வகத்துக்கு வேலைக்குப் போனவன் அரசாங்கத்தின் ஆயுதமாகவே ஆகிவிடுகிறான். இது அவனுக்குச் சம்மதமா என்று கதை நின்று கேட்பதில்லை. ஹெசூஸ் பிளாஸ்கோவின் கறுப்பு நிழல் மண்டிய சித்திரங்களில் அந்த முகம் எப்போதும் கொஞ்சம் களைத்திருக்கும், அவ்வளவுதான். நல்ல விஞ்ஞானி, கெட்ட விஞ்ஞானி என்று இரண்டே ரகம் அறிந்த உலகம் அது. வேலைக்குச் சேர்ந்துவிட்டு, உள்ளே இருந்துகொண்டே வேறெதையோ நினைத்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு அங்கே கட்டமே கிடையாது.

அப்படிப்பட்ட ஓர் ஆளின் கதையைத் தேனி மாவட்டம் அவசியம் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தோன்றுகிறது. ஏனென்றால் போடிக்கும் தேவாரத்துக்கும் இடையே பொட்டிப்புரத்தில் பிடிக்கப்போவதாகச் சொன்ன அந்தத் துகளை முதன்முதலில் பிடித்தது அவர்தான்.

பிரெடெரிக் ரெய்ன்ஸ் 1944-இல் லாஸ் அலமோஸுக்கு வந்தார். அணுகுண்டு தயாரான இடம். கோட்பாட்டுப் பிரிவில் ஃபெய்ன்மனின் கீழ் வேலை. ஓப்பன்ஹைமரையும் லியோ ஸிலார்டையும் வைத்து ஜிம் ஒட்டாவியானி ‘ஃபாலவுட்’ என்று ஒரு சித்திரநூல் எழுதியிருக்கிறார்; மனசாட்சியோடு மல்லுக்கட்டியவர்கள் என்று நாம் சொல்லும் பட்டியல் அங்கே தொடங்கும். ஸிலார்ட் 1945 ஜூலையில் குண்டைப் போடுவதற்கு எதிராகக் கையெழுத்து வாங்கினார். ஜோசப் ராட்பிளாட் 1944 கடைசியிலேயே மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார். ரெய்ன்ஸ் இதில் எதையும் செய்யவில்லை. போர் முடிந்த பிறகும் அங்கேயே இருந்தார். பசிபிக் தீவுகளில் குண்டு வெடித்துப் பார்த்த சோதனைகளில் பொறுப்பான வேலை பார்த்தார். அவரைத் தியாகி ஆக்க முடியாது.

ஆனால் 1951-இல் அவர் மேலதிகாரியிடம் போய், குண்டு வேலையிலிருந்து கொஞ்ச நாள் விடுப்பு கேட்டார். ஊருக்குப் போக இல்லை, யோசிக்க. அடிப்படை இயற்பியலில் வாழ்க்கையில் ஒன்றாவது செய்ய வேண்டும் என்ற ஆசை. வெறும் அறை ஒன்றைக் கொடுத்தார்கள். மாதக்கணக்கில் வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் வந்த யோசனை: நியூட்ரினோ. பௌலி 1930-இல் கணக்கு நேராக வேண்டும் என்பதற்காகக் கற்பனை செய்த துகள். எதிலும் மோதாமல் பூமியையே துளைத்துப் போய்விடும் என்பதால் யாரும் கண்டதில்லை. அதைப் பிடிக்க ஏராளமான நியூட்ரினோக்கள் ஒரே இடத்தில் வேண்டும். அவை எங்கே கிடைக்கும்? ரெய்ன்ஸுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். அணுகுண்டு.

கிளைட் கோவன் என்ற சகாவும் சேர்ந்துகொண்டார். திட்டத்தைக் கேட்டால் காமிக்ஸ் தோற்றுவிடும். 20 கிலோடன் குண்டை ஒரு கோபுரத்தில் வைத்து வெடிப்பது. சில பத்து மீட்டர் தள்ளி ஆழமான குழி. குண்டு வெடிக்கிற அதே நொடியில் உணர்கருவியைக் குழிக்குள் கீழே விட்டுவிடுவது. அது வெற்றிடத்தில் விழுந்துகொண்டிருப்பதால் பூமி அதிர்வது அதைத் தொடாது. கீழே ரப்பர் நுரையும் இறகும் மெத்தையாகப் போட்டிருக்கும். கதிர்வீச்சு அடங்கியதும் சில நாள் கழித்துத் தோண்டி எடுத்துக்கொள்ளலாம். லாஸ் அலமோஸ் இயக்குநர் இதற்குச் சரி என்றும் சொல்லிவிட்டார்.

நல்லவேளை, வேறு வழி கிடைத்தது. அணு உலை பக்கத்தில் வைத்தாலும் முடியும், ஒரு மோதலுக்கு இரண்டு ஒளித்துடிப்பு வருவதை வைத்து மற்ற இரைச்சலைக் கழித்துவிடலாம் என்று 1952-இல் கண்டுகொண்டார்கள். முதலில் ஹான்ஃபோர்ட், பிறகு தெற்குக் கரோலினாவில் சவானா ரிவர். 1956 ஜூன் 14 அன்று பௌலிக்குத் தந்தி போனது. நியூட்ரினோ இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. ஹான்ஃபோர்டும் சவானா ரிவரும் கரண்ட் எடுக்கிற உலைகள் இல்லை. குண்டுக்குத் தேவையான பொருளைச் சமைத்த உலைகள். குண்டு வேலையிலிருந்து விலகி நின்று யோசித்த மனிதர் குண்டுக்காக எரிந்த அடுப்பிலேதான் தன் சோற்றையும் பொங்கிக்கொண்டார்.

அடுத்த அத்தியாயத்தில் தமிழர்கள் வருகிறார்கள், பெயர் இல்லாமல். மேல்மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைப் பிடிக்க ரெய்ன்ஸ் 1960-களில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார். அதே சமயம் டாடா அடிப்படை ஆய்வுக் கழகத்தார், ஜப்பான், இங்கிலாந்துக்காரர்களோடு கோலார் தங்கவயலில் 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் கருவி வைத்தார்கள். 1965-இல் இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கண்டுபிடிப்பை வெளியிட்டன. அந்த ஆழத்துக்கு விஞ்ஞானம் இறங்க முடிந்ததற்குக் காரணம், அதற்கு எண்பது வருஷம் முன்பிருந்தே வட ஆற்காட்டிலிருந்து போன தலித் கூலிகள் அந்தப் பாறையைத் தோண்டி நுரையீரலைப் பறிகொடுத்துவந்ததுதான். 1990-களின் தொடக்கத்தில் ஆய்வு நின்றது, பிறகு சுரங்கமும் மூடப்பட்டது. விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும் என்று விஞ்ஞானிகள் வேறு மலை தேடினார்கள். நீலகிரியில் சிங்காரா கிடைக்கவில்லை, முதுமலை யானைத்தடம் குறுக்கே வந்தது. அப்படித்தான் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கத்துக்கு வந்தார்கள்.

பொட்டிப்புரத்துத் திட்டம் காகிதத்தில் அழகானது. மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, தலைக்கு மேல் எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை, நடுவில் காந்தமேற்றிய 50,000 டன் இரும்பு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது. மார்ச்சிலேயே வைகோவின் வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வரும்வரை வேலை நடக்கக் கூடாது என்றது. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, 2018-இல் மத்திய அரசு மறுபடி கொடுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறுக்கும் நடுவே புலி நடமாடும் இடம் இது, அனுமதிக்க முடியாது என்று உச்சநீதிமன்றத்தில் சொன்னது. மலை இன்னும் குடையப்படவில்லை.

இத்தனை வருஷமும் பள்ளத்தாக்கில் ஓடிய பேச்சு சட்ட மொழியில் ஓடவில்லை. ‘உள்ள குண்டு செய்யப் போறாங்களாம்’, ‘அணுக்கழிவைக் கொண்டாந்து கொட்டுவாங்களாம்’, ‘வெடி வச்சா பெரியாறு அணை என்னத்துக்கு ஆகும்?’ விஞ்ஞானிகள் ஊர் ஊராக வந்து பொறுமையாக விளக்கினார்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 6,500 கோடி நம் உடம்பைத் துளைத்துப் போகிறது, ஒன்றும் ஆவதில்லை, இது வெறுமனே பார்க்கிற கருவி, எதையும் உண்டாக்குகிற கருவி இல்லை என்றார்கள். இயற்பியலாக அது முழுக்கச் சரி. படித்த நண்பர்கள் பலர் ஊர்க்காரர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். காமிக்ஸ் படித்துக் கெட்டுப்போனவர்கள் என்று ஒருவர் எழுதியே விட்டார்.

நான் அப்படிச் சிரிக்க மாட்டேன். மலையைக் குடைவது இந்த மக்களுக்குப் புதுசில்லை. பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப 19-ஆம் நூற்றாண்டிலேயே 1.7 கிலோமீட்டர் மலை குடையப்பட்டது. 1895-இல் அந்த வேலையை முடித்த ஜான் பென்னிகுயிக் ராணுவப் பொறியாளர், பட்டாளத்துக் கர்னல். அவர் படத்தை வைத்துப் பொங்கலிடுகிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபமே வந்தது. அறிவியல் வெறுப்பு, ராணுவ பயம் என்று இந்தப் பள்ளத்தாக்குக்கு மொத்தமாக முத்திரை குத்துகிறவர்கள் இதை எங்கே வைப்பார்கள்? குடைந்த மலையிலிருந்து என்ன வந்தது என்று பார்த்து மதிப்புப் போடுகிற ஊர் இது. பென்னிகுயிக் குடைந்த மலையிலிருந்து தண்ணீர் வந்தது.

கழிவு பயமும் வானத்திலிருந்து குதித்ததில்லை. 2012 நவம்பரில், கூடங்குளத்து எரிபொருள் கழிவைக் கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வைக்கும் யோசனையை மத்திய அரசுத் தரப்பே உச்சநீதிமன்றத்தில் சொன்னது. கோலாரில் கடையடைப்பு நடந்தது, உடனே அப்படியெல்லாம் இல்லை என்று பின்வாங்கினார்கள். நியூட்ரினோ பிடித்த பழைய சுரங்கத்துக்கு அந்தக் கதி என்றால், புதிய சுரங்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது எப்படி மூடத்தனம் ஆகும்? கூடங்குளத்து உலையும் பொட்டிப்புரத்து மலையும் ஒரே அணுசக்தித் துறையின் கீழ். 1974-இலும் 1998-இலும் பொக்ரானில் வெடித்ததும் அதே துறையின் கைவரிசை. நியூட்ரினோ ஆய்வுக்கூட யோசனை உருப்பெற்றது 2000 வாக்கில், பொக்ரான் புழுதி அடங்கிய உடனே.

ஆயுதப் பேச்சுக்கும் ஒரு காகிதம் உண்டு. 2003-இல் ஜப்பானின் ஹிரோடகா சுகவாரா இரண்டு பேரோடு சேர்ந்து, மிக உயர்ந்த ஆற்றல்கொண்ட நியூட்ரினோக் கற்றையால் பூமிக்கு மறுபக்கத்தில் இருக்கிற அணுகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யலாம் என்று எழுதினார். அதற்கு ஆயிரம் கிலோமீட்டர் சுற்றளவில் முடுக்கி வேண்டும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். இன்றைக்கு நடக்கிற காரியம் இல்லை. ஆனால் வெளிநாட்டு முடுக்கியிலிருந்து இங்கே கற்றை அனுப்பி ஆராயலாம் என்ற பிற்காலச் சாத்தியம் இந்தியத் திட்டத்தின் ஆரம்ப அறிக்கைகளில் பேசப்பட்டிருந்தது. எதிர்ப்பாளர்கள் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். முடிவு தப்பு. படித்தது தப்பில்லை.

2015 ஜூனில் அப்துல் கலாம் திட்டத்தை ஆதரித்து ஆங்கில நாளிதழில் கட்டுரை எழுதினார். மக்கள் மதித்த மனிதர், நல்ல நோக்கம். ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: இது ஆயுதம் இல்லை என்று உத்தரவாதம் கொடுக்க நாடு கண்டுபிடித்த சாட்சி, அக்னி ஏவுகணையைச் செய்தவர். அந்த முரண் அப்போது எந்தப் பக்கத்துக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கூட்டங்களில் ஒருவர், ஒரே ஒருவர், ரெய்ன்ஸின் கதையைச் சொல்லியிருக்கலாம். ‘ஆமா, இந்தத் துகள் குண்டு செய்யற வீட்டுலதான் கெடச்சது. கண்டுபிடிச்சவர் குண்டு செஞ்சவருதான். அதை விட்டுட்டு வேற ஒண்ணு பாக்கணும்னு ஆசைப்பட்டு இதைத் தேடினாரு. எங்க சம்பளமும் அதே துறையிலிருந்துதான் வருது. எங்கள எதுல நம்பலாம், எதுல நம்பக் கூடாதுன்னு நீங்களே கேளுங்க’ என்று. திட்டம் அதனால் நிறைவேறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. புலிக்கும் தண்ணீருக்கும் அது பதிலாகாது. ஆனால் கேட்பவனை மாயாவிக்குக் கைதட்டுகிற பையனாகவோ வில்லனுக்குப் பயப்படுகிற பையனாகவோ மட்டும் நடத்தாத பேச்சாக இருந்திருக்கும்.

ரெய்ன்ஸுக்கு 1995-இல் நோபல் பரிசு கிடைத்தது. கோவன் 1974-லேயே இறந்துவிட்டதால் அவருக்குப் பங்கில்லை. 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா மறுபடி வெடித்தது. அடுத்த மாதம் ஜப்பான் சுரங்கம் ஒன்றிலிருந்து, நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்ற அறிவிப்பு வந்தது. பொட்டிப்புரத்துக்கு ஆள் வரக் காரணமான அறிவிப்பு அதுதான். ஆகஸ்டில் ரெய்ன்ஸ் காலமானார். 50,000 டன் கருவிக்கு முன்னோட்டமாக விஞ்ஞானிகள் செய்த 85 டன் மாதிரி, மதுரையில் தரைக்கு மேலே ஒரு கட்டடத்தில் நிறுவப்பட்டது. மேலே மலை இல்லாததால் அதில் நியூட்ரினோவைப் பிரித்தறிய முடியாது. வானத்திலிருந்து விழும் மியூவான்களை எண்ணலாம்.