கடல் கொண்ட ஊரும் குடிபெயர்ந்த மக்களும்: ஒடிசாவின் சாதபாயா

முன்னுரை

கடல்கோள் என்பது தமிழ் மரபில் தொன்மைக் கால நிகழ்வாகவே பேசப்பட்டு வருவது. ஒடிசா மாநிலம் கேந்திரபாடா மாவட்டக் கடற்கரை மக்களுக்கோ அது தம் வாழ்நாளில் கண்ட வரலாறு. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் ஆய்வின்படி, 1990 முதல் 2018 வரையிலான காலத்தில் இந்தியப் பெருநிலக் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளானது. புவி வெப்பமடைந்து கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், நிலம் இழந்தோர்க்குச் சேரவேண்டியது யாது என்னும் வினாவைச் சாதபாயா என்னும் ஊரின் வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

புயலும் காப்பும்

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அவ்வாண்டின் இறுதியிலேயே பேரிடர்ப் பணிக்கெனத் தனி ஆணையத்தை மாநில அரசு நிறுவியது. கடலோர ஊர்களில் புயல் காப்பகங்கள் எழுந்தன. 2013இல் வீசிய ஃபைலின் புயலின்போது ஏறத்தாழ 10 லட்சம் பேரும், 2019இல் வீசிய ஃபானி புயலின்போது ஏறத்தாழ 12 லட்சம் பேரும் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். ஃபானி புயலில் ஒடிசாவில் இறந்தோர் 64 பேர். உயிர்காப்பில் இஃது அரிய வெற்றி எனலாம். எனினும் காப்பகம் சென்றோர் திரும்பிவர ஊர் இருத்தல் வேண்டும். சாதபாயாவில் அவ்வூரே இல்லாமற்போயிற்று.

ஏழு ஊர்களின் மறைவு

சாதபாயா என்னும் ஒடியாச் சொல்லுக்கு ஏழு உடன்பிறந்தார் என்பது பொருள். பெயருக்கேற்ப ஏழு ஊர்களின் தொகுதியாக அது விளங்கியது. மகாநதி, பிராமணி, பைதரணி ஆறுகளின் வண்டல் படிந்த கழிமுக நிலம் அது. கடல் நெருங்கும்தோறும் மக்கள் உள்நோக்கி நகர்ந்து மீண்டும் மீண்டும் வீடு கட்டினர். ஊர்கள் ஒவ்வொன்றாக நீரில் மறைந்தன. 2018இல் 571 குடும்பங்களுக்குப் பகபாட்டியா என்னுமிடத்தில் அரசு குடியிருப்பு அமைத்தது.

ஊரோடு தெய்வமும் இடம்பெயர்ந்தது. பஞ்சுபராகி கோயிலின் ஐந்து சிலைகளுக்கும் வழிபாடு நிகழ்த்துவோர் மீனவக் குடியைச் சேர்ந்த மணமான பெண்களே. ஆடவர் அச்சிலைகளைத் தொடுதல் மரபன்று. 2018 ஏப்ரலில் அவற்றைப் பெயர்த்துக் கொணர்கையில் ஆடவர் கைப்படுதல் தவிர்க்க இயலாததாயிற்று. இடப்பெயர்வு வழிபாட்டு நெறியையும் நெகிழச் செய்தமை இதனாற் புலனாகிறது.

மனையும் பிழைப்பும்

புதிய குடியிருப்பில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் பத்து சென்ட் மனை வழங்கப்பட்டது. பழைய ஊரில் அவர்களுக்கு வயலும் கடலும் இருந்தன; இங்கு உழ நிலமில்லை, கடலும் தொலைவு. ஆகவே ஆடவர் பலர் கேரளம் முதலிய மாநிலங்களுக்குக் கூலிவேலை தேடிச் சென்றனர். வீட்டுப்பொறுப்பு முழுவதும் பெண்கள்மீது சுமந்தது.

இவ்விடத்துச் சட்டத்தின் இடைவெளி ஒன்று குறிப்பிடத்தக்கது. அரசு கையகப்படுத்தும் நிலத்திற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீடும் மறுவாழ்வும் உறுதி செய்கிறது. கடல் கொண்ட நிலத்திற்கு அச்சட்டம் பொருந்தாது. இழப்பு ஒன்றாயினும் உரிமை வேறாகிறது. 2021–26 காலத்திற்கான பதினைந்தாம் நிதிக்குழு, அரிப்பால் இடம்பெயர்ந்தோரை மறுகுடியமர்த்த 1,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளினின்று காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கும் என 2024இல் உச்சநீதிமன்றம் கூறியது. இவை இடைவெளியைக் குறைக்கும் தொடக்கங்கள்.

முடிவுரை

ஒடிசா 1999க்குப் பின் உயிர்களைக் காக்கக் கற்றது. வாழ்வைப் பெயர்த்து நடும் கலை இன்னும் கைவரவில்லை. மனையளவு மட்டும் கணக்கிடப்பட்டு வயலும் மீன்பிடியும் கணக்கில் விடுபடுமாயின், அம்மறுகுடியேற்றம் வறுமைக்கே வழிகோலும். குடியமர்த்தும் இடத்தைத் தெரிவுசெய்யும் முன்பே அம்மக்களின் தொழிலைக் கேட்டறிதல் நீதியின் முதற்படி என்பதே சாதபாயாவின் வரலாற்றால் பெறப்படும் முடிவாகும்.