கழிமுகச் சேற்றில் நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள்

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றி, அவ்வினையில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள். முதற்படியை நைட்ரசோமோனாஸ், நைட்ரசோஸ்பைரா முதலியனவும், இரண்டாம் படியை நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா முதலியனவும் செய்கின்றன.

திருவண்ணாமலை மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஆயினும் அதன் நீர் இரண்டு கழிமுகங்களுக்குப் போகிறது. சாத்தனூர் அணையைக் கடக்கும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலை அடைகிறது. இம்மாவட்ட வயல்களின் யூரியாவும் ஊர்களின் சாக்கடையும் அம்மோனியாவாகிக் கழிமுகச் சேற்றின் கணக்கில் சேர வேண்டியவை.

வரலாறு: 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியுன்ட்ஸ் இருவரும் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடை நீரை மெல்ல இறங்கவிட்டனர். முதல் இருபது நாள் மாற்றமில்லை. பிறகு நைட்ரேட் தோன்றியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றது; தோட்டமண் கரைத்த நீரை ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. வேலை செய்தது உயிர் என்பதற்கு இதைவிட அழகான சான்று கிடையாது. ஆனால் அந்த உயிரைப் பிரித்தெடுக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. எல்லோரும் சத்துள்ள ஜெலட்டினில் வளர்க்கப் பார்த்தனர், அது வளரவில்லை. 1890இல் சூரிச்சில் வினோகிராட்ஸ்கி கரிமப் பொருளே இல்லாத கரைசலில் வளர்த்துக் காட்டினார். அம்மோனியாவை ஆக்சிஜனேற்றும், பாக்டீரியா அல்லாத ஆர்க்கியா நுண்ணுயிர்களும் உண்டு என்பது 2005இல் சியாட்டில் கடல்மீன் காட்சியகத்தில் பிரித்தெடுத்த ஓர் உயிரியால் உறுதியானது.

சூழல்: இனங்களைத் தீர்மானிப்பதில் முதலிடம் உப்புக்கே. நன்னீர்ப் பகுதியில் வாழும் நைட்ரசோமோனாஸ் வகைகள் கடலை நெருங்க நெருங்கக் குறைந்து, உப்பைத் தாங்கும் வகைகள் பெருகுகின்றன. களிமண் பிடித்துவைத்த அம்மோனியத்தை உப்புநீரின் சோடியம் வெளியே தள்ளுவதால், சேறு தன் அம்மோனிய இருப்பை இழக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கழிமுகம் ஏறக்குறைய நன்னீராகிவிடுவதும், கோடையில் கடல்நீருக்குச் சமமாக உவர்ப்பதும் தமிழகக் கழிமுகங்களின் தனித்தன்மை.

அடுத்தது ஆக்சிஜன். சேற்றை வெட்டிப் பார்த்தால் மேலே ஆக்சிஜன் புகும் சில மில்லிமீட்டர் பழுப்பு. கீழே அழுகிய முட்டை நாற்றத்துடன் கறுப்பு. அந்நாற்றத்துக்குரிய ஹைட்ரஜன் சல்ஃபைடு இவ்வுயிர்களுக்கு நஞ்சு. நண்டு வளையைச் சுற்றி மட்டும் கறுப்புக்குள்ளும் பழுப்பு வளையம் தெரியும். அங்கே இவற்றால் வாழ முடிகிறது.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூரிலிருந்து திறந்துவிடப்பட்டது போன்ற பெருவெள்ளம் இந்த மேற்சேற்றையே அரித்துச் செல்லக்கூடியது. மெதுவாகப் பெருகும் இந்தப் பாக்டீரியாக்கள் மீள நாளாகும்.

தற்போது, கடலூருக்குத் தெற்கே உள்ள வெள்ளாற்றுக் கழிமுகத்தைப் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் ஆராய்ந்து வருகிறது.