அடுத்து நின்றவர் என்ன ஆனார்?

கே.கே. நகரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் பல வருஷமாக ஒரே பஞ்சாயத்து: தோனி எப்ப போகணும்? 2025 ஐபிஎல்லில் சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தபோது அது கைகலப்பு வரைக்கும் போகப் பார்த்தது. "43 வயசு ஆளு, ஒன்பதாவதா இறங்குறதுக்கு எதுக்குண்ணே டீம்ல?" என்று ஒரு தம்பி கேட்க, கடைக்காரர் "உனக்கு டீ கிடையாது, கிளம்பு" என்றுவிட்டார்.

நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. வீட்டுக்கு வந்து, மென்பொருள்காரன் புத்தி, பழைய ஸ்கோர்கார்டுகளை ஒரு எக்செல் ஷீட்டில் போட ஆரம்பித்தேன். கேள்வியையும் கொஞ்சம் திருப்பிப் போட்டேன். பெரிய ஆட்டக்காரர் எப்போது போனார் என்பதை விடுங்கள். அவர் போகும்வரை அடுத்து நின்றவர் என்ன ஆனார்?

தேடியதில் முதலில் வந்து நின்ற பெயர் நம்ம சுப்பிரமணியம் பத்ரிநாத்.

பத்ரி பிறந்தது 1980 ஆகஸ்ட். முதல்தர ஆட்டங்களில் 10,000க்கும் மேல் ரன், சராசரி 54, சதம் 32. இந்திய மிடில் ஆர்டரில் அப்போது இருந்தவர்கள் டிராவிட், சச்சின், கங்குலி, லட்சுமண். எந்தக் கதவைத் தட்டுவது?

2008 அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் அணியில் பத்ரியின் பெயர் வந்தது. ஆனால் ஆட இடம் கிடைக்கவில்லை. அந்தத் தொடரோடு கங்குலி விலகினார். அந்த இடம் யுவராஜுக்குப் போனது. கடைசியில் 2010 பிப்ரவரி 6, நாக்பூர். டிராவிடுக்கும் லட்சுமணுக்கும் காயம் என்பதால் பத்ரிக்கு டெஸ்ட் தொப்பி கிடைத்தது. வயது 29. எதிரே தென்னாப்பிரிக்கா. ஸ்டெயின் 51 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்த அதே இன்னிங்ஸில் பத்ரி 56 அடித்தார். அடுத்த இன்னிங்ஸில் 6. கொல்கத்தா டெஸ்டுக்கு லட்சுமண் திரும்பி வந்து 143 அடித்து அவுட் ஆகாமல் நின்றார், பத்ரி 1. அவ்வளவுதான். 2 டெஸ்ட், 3 இன்னிங்ஸ், 63 ரன். கணக்கு முடிந்தது.

இங்கே என் ஷீட்டில் இன்னொரு வரிசையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2011 ஜூனில் வெஸ்ட் இண்டீஸ் பயணத்துக்கு சச்சின் ஓய்வு எடுத்துக்கொண்டார், வேறு சிலருக்குக் காயம். அந்த இடைவெளியில் ஒரு 22 வயசுப் பையன் அறிமுகமானான். 3 டெஸ்ட், 5 இன்னிங்ஸ், மொத்தம் 76 ரன். சராசரி எடுத்தால் பத்ரியைவிடக் குறைவு. பையன் பெயர் விராட் கோலி. 2012 ஜனவரியில் அடிலெய்டில் முதல் சதம், அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

கோலியின் திறமையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. சறுக்கின பிறகும் அவருக்குக் கையில் பத்துப் பதினைந்து வருஷம் மிச்சம் இருந்தது. 29 வயசுல நுழைஞ்சவர் ஒரு தடவைகூட சறுக்க முடியாது. வித்தியாசம் அங்கேதான்.

சரி, அப்போ பெரியவங்க முன்னாடியே ஒதுங்கியிருக்கணுமா? நானும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தேன். எண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பத்ரி அறிமுகமான அதே 2010இல் சச்சின் அடித்த டெஸ்ட் சதங்கள் 7, ரன் 1,562. வயது 37. டிராவிட் 2011 இங்கிலாந்தில், 38 வயதில், 3 சதம் அடித்தார். மற்றவர்கள் சரிந்து 0-4 என்று தோற்ற தொடர் அது. இவர்களை எந்த நியாயத்தில் போகச் சொல்வது? வயசு மட்டும் அளவுகோல் ஆகாது.

ரன் குறைந்தாலும் முடிவெடுப்பது சுலபமில்லை. பெரிய ஆட்டக்காரர்களிடம் கடைசியாக ஒரு இன்னிங்ஸ் எப்போதும் பாக்கி இருக்கும். லட்சுமண் இங்கிலாந்தில் சொதப்பினார். சந்தேகம் வந்த நேரத்தில், 2011 நவம்பரில் கொல்கத்தாவில் 176 அடித்து அவுட் ஆகாமல் நின்றார். எல்லார் வாயும் அடைத்தது. அடுத்து ஆஸ்திரேலியாவில் 8 இன்னிங்ஸில் 155 ரன். சச்சினின் கடைசி டெஸ்ட் சதம் 2011 ஜனவரி, கேப்டவுன். அதற்குப் பிறகு 23 டெஸ்ட் ஆடினார், ஒரு சதமும் இல்லை.

அப்போது தேர்வுக்குழுத் தலைவர் நம்ம ஸ்ரீகாந்த். 1989 நவம்பரில் கராச்சியில் 16 வயது சச்சின் அறிமுகமானபோது கேப்டனும் அவரேதான். பாகிஸ்தான் மண்ணில் 4 டெஸ்டையும் டிரா செய்துவிட்டு வந்தும், சொந்த பேட்டிங் எடுபடாததால், 30 வயதில் கேப்டன் பதவியும் அணியில் இடமும் போயின. "எப்போது போகிறீர்கள்?" என்று அவரை யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்தக் கேள்வியே ஒரு மரியாதைதான்; மிகப் பெரியவர்களுக்கு மட்டும் கிடைப்பது.

ஆஸ்திரேலியாவில் இது வேறு மாதிரி. 1984 ஜனவரியில் சிட்னியில் கிரெக் சாப்பல், லில்லி, மார்ஷ் மூவரும் கடைசியாக ஆடியது ஒரே டெஸ்ட். அதில் சாப்பல் 182. கௌரவமான விடைபெறல்தான், ஆனால் மொத்தமாகக் கிளம்பியதில் அணி படுத்துவிட்டது. 1985லும் 1986-87லும் ஆஷஸ் தொடர்களைத் தோற்று, 1989இல்தான் எழுந்தது. 1999இல் தேர்வாளர்கள் தாங்களே முடிவெடுத்தார்கள். 119 டெஸ்ட் ஆடி, விக்கெட் கீப்பிங்கில் உலக சாதனை வைத்திருந்த இயான் ஹீலி, சொந்த ஊரான பிரிஸ்பேனில் ஒரே ஒரு கடைசி டெஸ்ட் கேட்டார். கொடுக்கவில்லை. அந்த டெஸ்டில் அறிமுகமானவர் கில்கிறிஸ்ட். 28 வயது ஆக இன்னும் சில நாள் பாக்கி. பிறகு 96 டெஸ்ட் ஆடினார். ஹீலிக்குக் கொடுமைதான். ஆனால் இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டிருந்தால் கில்கிறிஸ்டும் ஒரு பத்ரிநாத்.

பத்ரிக்குக் கதவு இன்னொரு முறை திறந்தது. 2012 ஆகஸ்ட் 18, நியூசிலாந்து தொடருக்குத் தேர்வாகியிருந்த லட்சுமண், சொந்த ஊர் ஐதராபாத் டெஸ்டுக்கு ஐந்து நாள் முன்னால் ஓய்வை அறிவித்தார். மாற்று ஆளாக அழைக்கப்பட்டவர் பத்ரிநாத். ஆனால் ஆடியது 24 வயது புஜாரா, 23 வயது கோலி, 25 வயது ரெய்னா. புஜாரா 159 அடித்தார். பெஞ்சில் இருந்த பத்ரிக்கு அந்த மாதம் 32 ஆனது. அதன்பிறகு அவர் டெஸ்ட் ஆடவே இல்லை.

பெரியவர் தாமதித்தால் இளைஞர்களுக்கு இடம் போகும் என்றுதான் சொல்கிறோம். இளைஞர்களுக்குப் போவதில்லை, அவர்களிடம் நேரம் இருக்கிறது. நடுவில் நிற்கிற தலைமுறைக்குத்தான் போகிறது. அதனால் பெரியவர் நன்றாக ஆடும்போதே, ஒரு தொடர் ஓய்வு கொடுத்து அடுத்தவரை இறக்கிப் பார்க்க வேண்டும். அந்த முடிவை ஆட்டக்காரர் தலையில் கட்டாமல் தேர்வாளர்தான் எடுக்க வேண்டும்.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு பில்லிங் மாட்யூலை ஒன்பது வருஷம் என் கையிலேயே வைத்திருந்தேன். எனக்கு அடுத்து இருந்தவன் கெட்டிக்காரன். ஏழு வருஷம் காத்திருந்துவிட்டுக் கிளம்பிப் போனான். பிறகு நான் வேறு வேலைக்கு மாறியபோது மாட்யூல் போனது ரெண்டு புதுப் பசங்க கைக்கு. போகும்போது அவன் சொன்னது: "நீங்க போகணும்னு நான் நினைச்சதே இல்லண்ணே. ஒரே ஒரு ரிலீஸை என்கிட்ட விட்டிருக்கலாம்."

2025 மே மாதம் ரோகித்தும் கோலியும் ஐந்து நாள் இடைவெளியில் டெஸ்டை விட்டார்கள். ஜூன் 20 அன்று லீட்ஸில் நம்ம சாய் சுதர்சன், 23 வயது, அறிமுகமானார். முதல் இன்னிங்ஸில் பூஜ்யம். ஆனாலும் டீக்கடையில் எங்களுக்குச் சந்தோஷம்தான். அதே அணியில் 100க்கும் மேல் முதல்தர ஆட்டம் ஆடிய அபிமன்யு ஈஸ்வரன் பெஞ்சில் இருந்தார். அதற்கு முந்தைய ஆஸ்திரேலியப் பயணத்திலும் அப்படித்தான். இங்கிலாந்தில் 5 டெஸ்டும் முடிந்தன, அவர் ஒன்றுகூட ஆடவில்லை.

அப்போது அவருக்கு வயது 29.