இடையனும் வெண்ணிற நாயும்



ஆட்டு மந்தையோடு செல்லும் நாய்கள் இருவகைப்படும். ஒன்று மந்தையை ஓட்டும் நாய். இடையன் சீழ்க்கையடித்ததும் ஓடி வளைத்து ஆடுகளை ஒருங்கு சேர்க்கும். மற்றையது மந்தையைக் காக்கும் நாய். இது ஆடுகளை விரட்டுவதில்லை. அவற்றின் நடுவே அவற்றுள் ஒன்றுபோலப் படுத்திருக்கும். ஓநாயோ கள்வனோ அணுகும்போதுதான் அதன் இயல்பு வெளிப்படும். இத்தாலி நாட்டின் மரெம்மா-அப்ரூஸ்ஸோ நாய் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆண்நாய் 35 முதல் 45 கிலோ வரை நிறையுடையது; உடல் முழுவதும் அடர்ந்த வெண்மயிர்.

அவ்வெண்மை அழகு கருதி ஏற்பட்டதன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை நூலொன்று எழுதிய கொலுமெல்லா என்பார் அதற்குக் காரணங் கூறியுள்ளார். வைகறை மங்கலிலும் அந்திக் கருக்கலிலும் ஓநாயென்று எண்ணி இடையன் தன் நாயையே அடித்துவிடலாகாது. ஆதலால் மந்தை நாய் வெள்ளையாயிருத்தல் வேண்டும். வீடு காக்கும் நாய் கறுப்பாயிருந்தால் கள்வன் அஞ்சுவான் என்பது அவர் கருத்து.

அவருக்கு முன்னரே, கி.மு. 37ஆம் ஆண்டளவில், வார்ரோ என்னும் உரோமப் பேரறிஞர் தமது எண்பதாவது வயதில் ஒரு நூல் செய்தார். நிலம் வாங்கியிருந்த தம் மனைவிக்கு வழிகாட்டவே அதனைத் தொடங்கினார். வேடரிடமும் இறைச்சி விற்போரிடமும் மந்தை நாய் வாங்கற்க என்கிறார். பாலில் ஊறிய வாற்கோதுமைப் பாண் கொடுக்கலாம். இறந்த ஆட்டின் இறைச்சியை மட்டும் தின்னவிடலாகாது. கழுத்துக்கு ஆணிகள் பதித்த தோற்பட்டை வேண்டும். ஆணித்தலைகள் உறுத்தாதவாறு உட்புறத்தில் மெல்லிய தோல் தைத்தல் வேண்டும். அந்த மெல்லிய தோலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், இவர் நாயின் கழுத்தைத் தம் கையாற் தடவிப் பார்த்தவர் என்றே எனக்குத் தோன்றும்.

அவர் கூறும் நிகழ்ச்சியொன்று உண்டு. பொந்தியானுஸ் என்பவர் உம்பிரியாவின் கடைக்கோடியில் மந்தைகளை வாங்கினார். விலையில் நாய்கள் அடங்கின; இடையர்கள் அடங்கவில்லை. இடையர்கள் மந்தையைத் தென்னித்தாலிக்குக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினர். சில நாட்கள் சென்றன. நாய்கள் தாமாகவே புறப்பட்டு, வழியிலுள்ள வயல்களிற் கிடைத்ததை உண்டு, பல நாட்பயணமான அவ்வழியைக் கடந்து உம்பிரியாவுக்கே வந்து சேர்ந்தன. அம்மனிதர்களை விட்டிருக்க அவற்றால் முடியவில்லை.

இத்தொழிலின் நுட்பமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. குட்டியைச் சில வாரப் பருவத்திலேயே ஆடுகளோடு சேர்த்து வளர்ப்பர். அப்போதுதான் ஆடுகள் அதற்குச் சுற்றமாகும். மனிதன் அதிகம் கொஞ்சினால் அது மந்தையை விட்டு வீட்டு வாசலுக்கு வந்துவிடும். மனிதனையே அறியாது வளர்ந்தாலோ, நோயுற்ற காலத்தில் மருந்திடவும் கையில் அகப்படாது. இந்த அளவை அப்ரூஸ்ஸோ இடையர்கள் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை.

1447இல் அரகன் மன்னன் அல்போன்சோ மந்தை வரியை ஒழுங்குபடுத்திய பின், மலையிலிருந்து புலியாச் சமவெளிக்கு ஆண்டுதோறும் பெருந்தொகையான ஆடுகள் இறங்கின. லாக்குயிலாவிலிருந்து போஜா வரையுள்ள மந்தைப் பாதை ஏறக்குறைய 244 கிலோமீற்றர். வெண்ணிற நாய்களும் உடன் நடந்தன. 1806இல் அவ்வரி முறை ஒழிந்தது; நாய்கள் ஒழியவில்லை. 1970களின் தொடக்கத்தில் இத்தாலியில் ஏறத்தாழ நூறு ஓநாய்களே எஞ்சியிருந்தன. ஆயினும் அப்ரூஸ்ஸோ மலைகளில் அவை முற்றாக மறையாமையால், நாய் வளர்க்கும் வழக்கமும் அங்கே அறுபடவில்லை.

பிரான்சு நாட்டு அல்ப்ஸ் மலையில் நிலைமை வேறு. அங்கே ஓநாய் அழிந்து, மந்தையைக் காவலின்றி விட்டுவைக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. 1992இல் இத்தாலியப் பக்கத்திலிருந்து வந்த ஓநாய்கள் மெர்காந்தூர் வனப்பகுதியிற் காணப்பட்டன. இடையர்கள் பிரனீஸ் மலையின் வெண்ணிறக் காவல் நாய்களைத் தேடி வாங்கினர். நாய் கிடைத்தது, வளர்க்கும் பழக்கம் கிடைக்கவில்லை. குட்டி முழுக் காவலனாவதற்கு இரண்டு ஆண்டுகள் செல்லும். அதுவரை ஓநாய் பொறுத்திருக்கவில்லை. மலையுலா வரும் நகரத்தாரோ நாயைக் கண்டு அஞ்சி ஓடினர், அல்லது கம்பை ஓங்கினர். இப்போது அங்குள்ள மலைப்பாதைகளில் அறிவிப்புப் பலகைகள் நிற்கின்றன: மந்தையைச் சுற்றிப் போகவேண்டும், நாய் எதிர்ப்பட்டால் அசையாது நிற்கவேண்டும், அது மோந்து பார்த்துத் திரும்பும் வரை காத்திருக்கவேண்டும்.